ஆசாரிக்குப் பதிலாக உபதேசியார்

‘எல்லாம் தேவ சித்தம்’ என்று யாராவது என் முன்னால் வந்து சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறும். இத்தனை வயதாகியும் அது மாறவில்லை. கர்த்தர் ஆளுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதைச் சொல்லுகிற ஆட்கள்மேல்தான் சந்தேகம். சொல்லுகிறவர் எங்கே நின்று சொல்லுகிறார் என்று முதலில் பார்ப்பேன். விழுந்து கிடந்து சொல்லுகிறாரா, விழுந்தவளைக் குனிந்து பார்த்துச் சொல்லுகிறாரா? இரண்டும் ஒன்றாகுமா? கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்த நாளிலிருந்து எனக்கு இந்தப் புத்தி.

அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். ஐம்பதுகளின் நடுவில் அப்பாவும் போனபின் அக்காவும் நானும்தான் மிச்சம். அக்காவைக் கட்டிய மனிதர் கொழும்புக்குப் போனார், போனவர் போனவர்தான். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே கிட்டங்கியில் வேலை. வள்ளத்தில் வந்து இறங்கும் சுக்கைப் பரப்பி, வேரைக் கிள்ளி, மண்ணைத் தட்டி, பெரிது சிறிது பிரிக்க வேண்டும். சாயங்காலம் வரை தும்மல். கண்ணைக் கசக்கினால் தொலைந்தோம்.

முதலாளி எங்கள் சபைக்காரர்தான், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரரும்கூட. சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எங்களைப் பார்த்தால் ‘சகோதரி’ என்பார். திங்கட்கிழமை கிட்டங்கியில் அதே வாய் ‘ஏட்டி’ என்னும். இதை நான் அக்காவிடம் சொன்னால் அவள் சிரிப்பாள். “ஏட்டின்னாலும் நம்மளத்தான கூப்பிடுதாரு” என்பாள். அவளுடைய சுபாவம் அப்படி. எதையும் அவள் கர்த்தர் கணக்கில் எழுதிவிடுவாள். மழையில் விறகு நனைந்தால் அதிலும் ஒரு நன்மை இருக்கும். ஒருநாள் ஆசையாக வாங்கி வந்த மத்தியைப் பூனை தூக்கிக்கொண்டு போயிற்று. “அதுக்கும் அவருதான படியளக்காரு” என்றாள்.

“பூனைக்கு மத்தி, நமக்கு வெறுங்கஞ்சி. நல்லா இருக்கு ஒன் ராஜாவோட ராஜாங்கம்!” என்றேன்.

“கஞ்சி இருக்குல்லா?” என்றாள். இவளோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா?

இப்போது மச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். வெயில் காலத்தில் நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து வேலை செய்வோம். ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் முற்றம் குளம். அப்போது சுக்கு மூட்டைகளைக் கயிறு கட்டி மச்சுக்கு ஏற்றுவார்கள், நாங்களும் ஏறுவோம். மச்சு என்றால் முழுக்கப் பலகை போட்ட மேல்தளம். கீழே மிளகு மூட்டை அடுக்கு, பெரிய தராசு. அந்த வருஷம் ஏணிப்படி ஏறியவுடன் இருக்கிற பலகைகள் காலடியில் ஆட ஆரம்பித்தன. ஓரத்தை நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. எங்களோடு வேலை செய்த ராவுத்தர் வீட்டு ராத்தா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “அல்லாவே, மொத்தம் சிதல் அரிச்சுப் போச்சு” என்றாள். கரையானைத்தான் அங்கே சிதல் என்பார்கள்.

யார் போய்ச் சொல்வது? எல்லாருக்கும் பயம். அக்காதான் போனாள். நானும் பின்னால் நின்றேன்.

“மொதலாளி, படி பக்கத்துப் பலக ஆடுது. ஆசாரிய விட்டு ஒருக்கா பாக்கச் சொல்லுங்க.”

“சீசன் நேரத்துல மச்சக் காலி பண்ணச் சொல்லுதியா? சரக்க எங்க கொண்டு வைக்க, ஒன் தலையிலயா?”

“யாராவது விழுந்துட்டா?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. “நாளைக்கு ஐயாவ வரச் சொல்லுதேன்” என்றார்.

ஐயா என்றால் உபதேசியார். இதை வெளி ஆட்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். பலகை ஆடுகிறது என்று சொன்னதற்கு உபதேசியாரைக் கூட்டி வந்தார் மனுஷன்! எங்கள் சபையில் வருஷப்பிறப்புக்கு உபதேசியார் வீடு வீடாக, கடை கடையாக வந்து ஜெபம் பண்ணி, பைபிள் வசனம் அச்சடித்த ஒரு வாக்குத்தத்த அட்டை கொடுத்துவிட்டுப் போவார். அது நல்ல வழக்கம், அதைக் குறை சொல்லமாட்டேன். எந்த வேலையையும் ஜெபத்தோடு தொடங்கிப் பழகிய ஆட்கள் நாங்கள். அதனால்தான் ஜெபம் பண்ணியதும் வேலையே முடிந்துவிட்டது என்று எண்ணுகிற மடத்தனமும் எங்களுக்கு வந்தது. ஒரு இந்து முதலாளியோ துலுக்க முதலாளியோ என்றால் பலகை ஆடினால் பலகையைப் பார்த்திருப்பான்.

மறுநாள் உபதேசியார் வந்தார். பாவம், நல்ல மனிதர், எலும்பும் தோலுமாக இருப்பார். ஏணிப்படியில் கடைசிக்கு முந்திய படிவரை ஏறி, அங்கேயே நின்று, மச்சை நோக்கிக் கையை நீட்டி ஜெபித்தார். பலகையில் கால் வைக்கவில்லை. முதலாளி அந்தப் படிகூட ஏறவில்லை. முட்டுவலியாம். கீழே தராசைப் பிடித்துக்கொண்டு உரத்த குரலில் ‘ஆமென்’ சொன்னார். ஜெபம் முடிந்தது. உபதேசியார் கொடுத்த வசன அட்டையை மேலே படிச்சுவரில் ஒட்டினார்கள்.

“இனி என்னத்தப் பயப்படணும்? கர்த்தர் கைக்குள்ள ஒப்புக்குடுத்தாச்சு. ஏறுங்கட்டி” என்றார் முதலாளி.

ஒருத்தியும் அசையவில்லை. ராத்தா என் காதில், “பலகைக்கு ஜெபமும் தெரியாது, துஆவும் தெரியாது. யாரு மிதிச்சாலும் பொளியும்” என்றாள். நான் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்தேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டு ஏறினாள். ஜெபம் பண்ணியபின் நிற்பது ஜெபத்தை அவமதிப்பது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் ஏறியதால் எல்லாரும் ஏறினோம். அன்றைக்குப் பலகை தாங்கியது. அதற்கடுத்த வாரமும் தாங்கியது. முதலாளி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் படிச்சுவரைக் காட்டிப் பெருமை பேசினார். நான் மட்டும் ஒவ்வொரு காலையிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்தேன்.

அது நல்ல மழை பெய்த காலை. அக்கா நிறைகூடையைத் தூக்கிக்கொண்டு படிப்பக்கம் வந்தாள். நான் சுவரோரம் உட்கார்ந்து வேர் கிள்ளிக்கொண்டிருந்தேன். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. நனைந்த அப்பளம் போலப் பலகை அமுங்கிற்று. நிமிர்ந்து பார்த்தால் அக்கா நின்ற இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாகக் கீழே தராசு தெரிந்தது, தராசுக்குக் குறுக்கே அக்கா கிடந்தாள். சுக்கு மழை மாதிரி அவள்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

மிளகு மூட்டை தள்ளுகிற கைவண்டியில் படுக்கவைத்து ஜெட்டிக்குக் கொண்டுபோய், போட்டில் ஏற்றி, எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் ராத்தா அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பழையபடி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அக்காவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று கண்ணை மூடி, உயிரைக் காத்ததற்கு நன்றி சொன்னார். கண்ணைத் திறந்து, “எல்லாம் தேவ சித்தம் சகோதரி. அவரு சித்தமில்லாம ஒரு முடிகூட விழாது” என்றார். ஆஸ்பத்திரியில் இருந்ததால் அன்றைக்கு சகோதரி.

“முடி விழலை மொதலாளி! எங்கக்கா விழுந்தா! ஒங்க பலகையில இருந்து விழுந்தா!” என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் ஓடி வந்தாள். அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, “சும்மா கெட” என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆரஞ்சுகளை எடுத்து வராந்தாவில் நின்ற யாரோ ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் பசிக்கு அது கொழுப்புதான். இருக்கட்டும்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது மழை இன்னும் விடவில்லை. கிட்டங்கியில் ஓட்டையின்மேல் ஒரு புதுப் பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அந்த ஆணி அடித்ததும் அதே சிதல் பலகையில்தான்! பெண்கள் யாரும் மச்சுக்கு ஏறவில்லை. கீழே இடமில்லை. மேலே மூட்டைக்குள் சுக்கு பூசணம் பிடிக்க ஆரம்பித்தது. கப்பலுக்கு அனுப்பவேண்டிய சரக்கு. முதலாளிக்கு உறக்கம் போயிற்று. ஒருநாள் எங்கள் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு உட்கார நாற்காலி இல்லை, வாசலிலேயே நின்றார்.

“கிட்டங்கியில ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கேன். ஐயா வருவாரு. நீ உயிர்தப்பினதச் சாட்சி சொல்லணும். கர்த்தர் சித்தப்படி நடந்தது, அவரு தாங்கினாருன்னு சொல்லு, போதும். திங்கக்கெழம காலையில ஒன் தங்கச்சி மொத ஆளா மச்சுல ஏறட்டும். அடிபட்ட வீட்டுக்காரியே ஏறுதாளேன்னு மத்தவளுகளும் ஏறுவாளுக.”

“ஏறலன்னா?” என்றேன் நான்.

“ஏறலன்னா நான் வேற ஆளத்தான பாக்கணும்?” என்றார், ரொம்ப வருத்தப்படுகிறவர் மாதிரி.

அக்கா, “சரி மொதலாளி, சாட்சி சொல்லுதேன்” என்றாள்.

அவர் தலை மறைந்ததும் நான் ஆடித் தீர்த்தேன். “ஒனக்கு மூள கலங்கிப் போச்சா? இடுப்ப ஒடிச்சவனுக்குச் சாட்சி சொல்லப் போறியா? என்னையும் அந்த ஓட்டையில தள்ளணுமா? தள்ளு! ரெண்டு பேரும் நொண்டிகளா ஸ்தோத்திரம் பாடிக்கிட்டு இருப்போம்!” சட்டியைக்கூட எறிந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில், “சாட்சி சொல்லுதேன்னுதான்ட்டி சொன்னேன். அவரு சொல்லித் தந்தத சொல்லுதேன்னு சொல்லலையே” என்றாள். நான் காதில் வாங்கவில்லை. வேலை போனால் அவளுக்கு மருந்து எங்கிருந்து வாங்குவது, மச்சில் ஏறி நானும் விழுந்தால் அவளை யார் தூக்கி உட்காரவைப்பது என்று இரண்டும் மாறி மாறி மண்டைக்குள் ஓடியது.

கூட்டம் சனிக்கிழமை மத்தியானம். கீழே மூட்டைகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். சாயாவும் பன்னும் உண்டு என்பதால் சபைக்காரர் மட்டுமில்லாமல் வேலைக்காரப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ராத்தா பின்னால் தூணோரம் உட்கார்ந்தாள். அக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோம். பாட்டு, ஜெபம், பிறகு உபதேசியாரின் சின்னப் பிரசங்கம். முதலாளி எழுந்து, “சகோதரி இப்ப தேவன் செஞ்ச நன்மையைச் சொல்லுவாங்க” என்றார். நான் தரையையே பார்த்தேன்.

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக் கொஞ்சம் நிமிர்ந்தாள். அந்த வலியில் அவள் முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது.

“நான் விழுந்தது கர்த்தருக்குத் தெரியாம நடக்கல. அத நம்புதேன். அத நம்பலன்னா எனக்குக் கெடந்து எந்திரிக்க ஒரு பிடியும் இல்ல. அவரு தாங்கினாரு, ஸ்தோத்திரம்” என்றாள்.

“ஆமென்” என்றார் முதலாளி.

“ஆனா மொதலாளி, எல்லாம் அவரு சித்தம்னா, விழுததுக்கு முன்ன நான் ஒங்ககிட்ட வந்து பலக ஆடுதுன்னு சொன்னேன்லா, அது யாரு சித்தம்? அதுவும் அவரு சித்தந்தான். என்னைய ஒங்ககிட்ட அனுப்பினதே அவருதான். அத நீங்க கேக்கல. விழுந்தத மட்டும் அவரு கணக்குல எழுதுதீங்க.”

சாயா ஆற்றிக்கொண்டிருந்த ஆள்கூடக் கையை நிறுத்திவிட்டான். முதலாளியின் முகம் கறுத்தது. “சகோதரி, நம்ம ஐயா ஜெபம் பண்ணின எடம் அது” என்றார்.

“ஐயா கர்த்தர்கிட்ட கேட்டாரு. ஆசாரிய நீங்கதான கூப்பிடணும்? அதையும் அவரே வந்து கூப்பிடணுமா?” அவள் சத்தம் உயரவே இல்லை. கஞ்சி இருக்குல்லா என்று கேட்கிற அதே சத்தம். “ஜெபம் போதும்னு நானும் நெனச்சேன். அந்தப் பலகையில நடந்தும் பாத்துட்டேன். திங்கக்கெழம என் தங்கச்சி ஏறமாட்டா. ஏறித்தான் ஆகணும்னா, முதல்ல நீங்க ஏறி அந்த அட்டைக்குப் பக்கத்துல நில்லுங்க. அவரு சித்தம்னா ஒங்களையும் தாங்குவாரு.”

எல்லார் கண்ணும் மேலே போயிற்று. முதலாளி நல்ல பாரமான ஆள். அவரும் மச்சைப் பார்த்தார். ஒட்டுப் போட்ட பலகையின் அடிப்பக்கம் அங்கிருந்தே தெரிந்தது.

“எனக்கு முட்டுவலி” என்றார்.

பின்னால் தூணோரத்தில் ராத்தா வாய்விட்டுச் சிரித்தாள். அது தொற்றிக்கொண்டது. பன்னை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து முதலாளியிடம் போய், “மூப்பரே, ஆசாரிய கூப்பிடுங்க” என்றார். “அன்னைக்கே நான் பலகையில கால் வைக்கப் பயந்தேன். அத ஒங்ககிட்ட சொல்லாமப் போனது தப்பு.” அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மன்னித்தேன்.

திங்கட்கிழமை நாங்கள் யாரும் ஏறவில்லை. எங்களை வெளியே அனுப்பவும் முதலாளிக்குத் துணிச்சல் வரவில்லை. கடைத்தெரு முழுக்கக் கதை பரவியிருந்தது. அந்த வாரமே பக்கத்துத் தோப்பும்படியிலிருந்து ஆசாரிமார் வந்தார்கள். சரக்கை முதலாளி தன் வீட்டு ஹாலில் இறக்கினார். அவர் சம்சாரம் தும்மித் தும்மி எங்களைச் சபித்தாள். பெயர்த்தெடுத்த பலகைகளில் பாதி கையிலேயே பொடிந்தது. இன்னும் இரண்டு பேராவது விழுந்திருப்போம் என்று மூத்த ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் என் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். இரண்டு மாதம் கழித்து, அக்கா கோலூன்றி நடக்கத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதலாளி எழுந்து சாட்சி சொன்னார். ஏழைச் சகோதரிகளின் பாதுகாப்புக்காக மச்சைப் புதுப்பிக்கும்படி கர்த்தர் தன் உள்ளத்தில் ஏவினாராம்! அவர் சத்தத்துக்குக் கீழ்ப்படிந்தாராம்! சபை மொத்தமும் ‘ஆமென்’ என்றது. என் பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த அக்காவும் ‘ஆமென்’ என்றாள். எனக்கு அங்கேயே எழுந்து வெளியே போகவேண்டும் போல இருந்தது. ஊன்றுகோல்காரியை விட்டுவிட்டு எங்கே போக?

வழியெல்லாம் பொரிந்துகொண்டே வந்தேன். “அந்தப் பொய்க்கு நீ எப்படி ஆமென் சொல்லலாம்? ஒனக்கு ரோஷம்னு ஒண்ணு உண்டா?”

“அவரு ஏவினாருங்கது நெசந்தானட்டி. என் வாயால ஏவினாரு. அத இவரு சொல்ல மறந்துட்டாரு, அவ்வளவுதான்.”

“அப்ப ஒன் இடுப்பு? அதுக்கு எந்த ஆமென்?”

அவள் நடையை நிறுத்தினாள். கோலை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். இதற்கும் ஒரு நன்மை சொல்லுவாள், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

“அதுக்கு நான் ஆமென் சொல்லல” என்றாள். “தெனமும் காலையில எந்திரிக்கும்போது அவருகிட்ட கேக்கேன். எதுக்கு இப்படி செஞ்சீருன்னு கேக்கேன். நல்லாக் கோவமாத்தான் கேக்கேன்.”

என் கோபம் சட்டென்று நின்றுவிட்டது. இத்தனை நாளும் ஒரே அறையில், ஒரே பாயில் கிடந்தவள் நான். அவள் உதடு அசைவதைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லுகிறாள் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தேன்.

“கர்த்தர்கிட்டயா கோவப்படுதே? நீயா?”

“பின்னே?” என்றாள் அக்கா. “ஆளுதது அவருதானட்டி. அவருகிட்டக் கோவப்படாம யாருகிட்டக் கோவப்படச் சொல்லுதே, மொதலாளிகிட்டயா? அவன் ஒரு ஆளா?”